ஆறாவது பாகத்தோடு சரி

'எல்லைக்காவலர்' விளையாட்டின் ஆறாவது பாகம் வெளியான முதல் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, டிஸ்க் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னாள் மாமனார் வீட்டு அழைப்புமணியை அழுத்தினேன். முன்னாள் என்று எழுதவே கை கூசுகிறது. விவாகரத்துத் தீர்ப்பில் யாருக்கு எது சொந்தம் என்று எட்டுப் பக்கம் எழுதியிருந்தார்கள். மாமாவை இனிமேல் என்னவென்று கூப்பிடுவது என்று ஒரு வரிகூட இல்லை. அதனால் மாமா மாமாவாகவே இருந்துவிட்டார். அத்தையும் அப்படியே. கதவைத் திறந்த அத்தை, உள்ளே இருப்பவர் ஏழு மணிக்கே குளித்து முடித்துத் தயாராக இருப்பதாகவும், தன் கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு சீக்கிரம் கிளம்பியதில்லை என்றும் சொல்லிவிட்டு டீ போடப் போனார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், எனக்கும் மாமாவுக்கும் பேச ஒரு விஷயமும் கிடையாது. அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவன். இருவரும் நாளெல்லாம் வாயைத் திறக்காமல் வேலை பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில் எதிரெதிரே உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசுவோம், பிறகு மழையைப் பற்றி. அந்தச் சங்கடம் தாங்காமல் ஒருநாள் என் கேம் கன்சோலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டு டிவியில் மாட்டி, 'எல்லைக்காவலர்' முதல் பாகத்தைப் போட்டேன். பத்து நிமிஷம் பார்த்தவர், திரையில் நிற்கிற அந்தக் கிழவியிடம் மறுபடியும் பேசிப் பாருங்கள் என்றார். அவளிடம்தான் ஏற்கெனவே பேசிவிட்டோமே என்றேன். அவர் விடவில்லை. மறுபடி பேசினேன். கிழவி இந்த முறை, முதலில் சொன்னது பொய் என்றும், தன் மகன் காட்டுக்குள்தான் ஒளிந்திருக்கிறான் என்றும் சொன்னாள்.

அது அவருடைய தொழில் வழக்கம். லிஃப்டைச் சோதிக்கும்போது ஒவ்வொரு தளத்தையும் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை பார்ப்பாராம். ஏறும்போது ஒளிந்துகொள்கிற கோளாறு இறங்கும்போது தலையைக் காட்டிவிடும் என்பார். அன்றிலிருந்து எங்கள் சட்டம் இதுதான்: ஊருக்குள் நுழைந்தால் அத்தனை பேரிடமும் இரண்டு தடவை பேசவேண்டும். கன்சோல் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. கன்ட்ரோலர் என் கையில், கட்டளை அவர் வாயில். சனிக்கிழமை மட்டும், மூன்று மணி நேரம் மட்டும். ஐந்தாவது பாகத்தை முடிக்க இப்படி எங்களுக்குப் பதினான்கு மாதம் பிடித்தது.

அந்தப் பதினான்கு மாதத்துக்குள்தான் என் கல்யாண வாழ்க்கையும் முடிவுக்கு வந்தது. சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் அவரவர் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு இருந்தோம். ஒருநாள் அதையும் நிறுத்திக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் அடிக்க வருவார்கள்: அவளைப் பிரிந்ததைவிட, சனிக்கிழமைகளைப் பிரிய வேண்டுமே என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. நினைவு தெரிந்து எனக்கென்று அப்பா இருந்ததில்லை. மாமா எதுவும் கேட்கவில்லை. தீர்ப்பு வந்த வாரமும் பத்து மணிக்கு டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது முடிந்ததும், ஆறாவது வரும்வரை சும்மா இருப்பானேன் என்று முதல் பாகத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தோம்.

போன வருஷம் அவளுக்கு மறுபடி கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர், பல் டாக்டர். இரண்டு மாதம் முன்பு அவளே எனக்கு போன் செய்தாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. சனிக்கிழமை அம்மா வீட்டுக்கு வரவேண்டும் என்றால் முதலில் நீ இருக்கிறாயா என்று விசாரித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது, என் வீட்டுக்காரர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். அவள் கேட்டதில் ஒரு நியாயக் குறைவும் இல்லை. அதுதான் கஷ்டம்.

"ஆறாவது பாகம் வருதாமே. அதை முடிச்சுக்கோங்க. அதோட சரி. அப்பாகிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கேன்" என்றாள்.

மாமா மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். நானும் கொடுத்தேன். அதனால் அந்தச் சனிக்கிழமை டிஸ்க் பெட்டியை நான் நீட்டியபோது, மாமா அதன் முன்பக்கப் படத்தைப் பார்க்கவே இல்லை. நான் செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைத்தான் படித்தார். நூறு மணி நேரத்துக்கு மேல் சாகசம் என்று போட்டிருந்தது. எல்லோரிடமும் இரண்டு தடவை பேசினால் ஒரு வருஷம், கொஞ்சம் இழுத்தால் ஒன்றரை என்று மனதுக்குள் நான் போட்ட கணக்கையே அவரும் போடுவது முகத்தில் தெரிந்தது.

முதல் ஊர் பிரமாதமாக இருந்தது. கல் பாவிய தெரு, புகைபோக்கிகள், துணி காயும் கயிறு, கிணற்றடியில் ஒரு பெண். அவளிடம் போனோம். 'நல்ல நாள், வீரரே' என்றாள். மறுபடி பேசினோம். 'நல்ல நாள், வீரரே.' கொல்லனிடம் போனோம். அவனும் அதையே சொன்னான், குரல் மட்டும் கட்டையாக. அந்தத் தெருவில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். நாற்பத்து மூன்று பேரிடமும் இரண்டு தடவை பேசினோம். எண்பத்தாறு தடவை நல்ல நாள் சொல்லப்பட்டதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கதவுகள் சுவரில் வரைந்த படங்கள், திறக்காது. போகவேண்டிய வழியைக் காட்ட, தரையில் தங்கநிறத்தில் ஒரு கோடு ஓடியது. அதை அணைக்க வழியுண்டா என்று தேடினேன். இல்லை. அதன்மேல் நடந்தால் போதும், கதை தானாக முடிந்துவிடும்.

"போகப் போக நல்லா வரும்" என்றார் மாமா.

"ஆமா மாமா, ஆரம்பம்தானே" என்றேன்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் இதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பழைய பாகங்களில் ஆற்றைக் கடக்கப் படகுக்காரனைக் கெஞ்ச வேண்டும். இதில் ஒரு பொத்தானை அழுத்தினால் அக்கரை. பழைய பாகங்களில் இரவில் நெருப்பு மூட்டினால் கூட வருகிறவர்கள் வம்பு பேசுவார்கள், கோபித்துக்கொண்டு தனியாகப் போய்ப் படுப்பார்கள், இதில் 'போகலாமா?' என்பதோடு சரி. ஏழு வருஷம் உட்கார்ந்து யோசித்து, இருந்த நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். யாருக்கு நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் வாயைத் திறந்து மோசம் என்று சொல்லிவிட்டால், பிறகு ஏன் விளையாடுகிறோம் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி இரண்டு பேருக்கும் வேண்டாம். ஆகவே ரசித்தோம். மலையைப் பார்த்து ஆகா என்றோம். நான் தங்கக் கோட்டிலிருந்து விலகிச் சுற்றிச் சுற்றி நடந்தேன்; எங்கே போனாலும் அது வளைந்து வந்து காலடியில் நின்றது. அப்படியும் ஆறாவது சனிக்கிழமை மதியம், பனிக்குகையைத் தாண்டி வெளியே வந்தால், எதிரில் கடைசிக் கோட்டை. நூறு மணி நேரம் என்று போட்டவன் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தானோ, எங்களுக்குப் பதினெட்டுகூட ஆகவில்லை. அடுத்த வாரம் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு, சேவ் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏழாவது வாரம் போட்டால், பனிக்குகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். சேவ் ஆகவில்லை போலிருக்கிறது என்றார் மாமா. ஆகாமல் இருக்கலாம், இவ்வளவு செய்தவர்கள் அதையும் கெடுத்திருப்பார்கள் என்று நினைத்து, குகையை மறுபடி கடந்தோம். எட்டாவது வாரமும் குகைக்கு முன்னால். மிஷின் பழசாகிவிட்டது என்றார். அன்றைக்குக் கடந்து முடித்ததும் திரையின் மூலையில் 'சேமிக்கப்பட்டது' என்று வருவதை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். ஒன்பதாவது வாரம், டிவி வெளிச்சம் வந்ததும், அதே பனி, அதே குகை வாசல். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு அழுக்கும் இல்லை, அழுக்கிருந்தால் எனக்குத் தெரியும். கன்ட்ரோலரைக் கையிலேயே எடுக்காத மனிதர், வாரநாளில் தனியாக உட்கார்ந்து, எந்தப் பொத்தான் எது என்று தடவித் தடவிக் கண்டுபிடித்து, பழைய சேவ் ஒன்றை எடுத்துப் புதியதன்மேல் போட்டுவைத்திருக்கிறார். இந்த வயதில் எனக்காக ஒருவர் திருட்டுத்தனம் செய்திருக்கிறார்.

இந்தக் குகையை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை மாமா, இடது பக்கம் ஏதோ இருக்கிற மாதிரி தெரிகிறது என்றேன். அவர் தலையாட்டினார். இடது பக்கம் ஒன்றும் இல்லை என்பது மூன்று வாரமாக இருவருக்கும் தெரியும்.

பாதிக் குகையில் இருக்கும்போது அவருடைய போன் அடித்தது. மகள். என்ன கேட்டிருப்பாள் என்பது மாமாவின் பதிலிலிருந்து தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் இருக்கும்மா" என்றார். போனை வைத்தார். திரையில் எங்கள் வீரன் பனியில் நின்றபடி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

"நாப்பது வருஷத்துல ஒரு லிஃப்டைக்கூட சரியாயிடுச்சுன்னு பொய்யா எழுதிக் குடுத்ததில்ல" என்றார் மாமா. "இன்னிக்கு முடிச்சிடலாம்."

நான் தங்கக் கோட்டின்மேல் நடந்தேன். கோட்டைக் கதவு தானாகத் திறந்தது. எல்லை நாட்டையே நடுங்கவைத்தவன் என்று சொல்லப்பட்ட அரசன், ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி இரண்டு தடவை தும்மிவிட்டு நாலே நிமிஷத்தில் விழுந்தான். இசை வந்தது. உழைத்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே போக ஆரம்பித்தன. நூற்றுக்கணக்கான பெயர்கள். மாமா எல்லாவற்றையும் படித்தார், நானும் படித்தேன், தாண்டிப்போகப் பொத்தான் இருந்தும் யாரும் அழுத்தவில்லை. கடைசிப் பெயரும் போய்த் திரை கறுத்ததும் அவர் சோபாவில் சாய்ந்தார்.

"படு மோசம்" என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கிணற்றடிப் பெண்ணிலிருந்து ஆரம்பித்தேன் நான். அவர் வரைந்த கதவுகளுக்குப் போனார். தரையில் அந்தத் தங்கக் கோடு போட்டவனை லிஃப்டில் ஏற்றி ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவில் நிறுத்த வேண்டும் என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் இருவரும் இவ்வளவு பேசியதில்லை. சாப்பாடு ஆறிப்போகிறது என்று சொல்ல வந்த அத்தை, கையில் கரண்டியோடு அப்படியே நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டார். "மூணாவது பாகத்துல தம்பியைத் தேடிப் போனானே படகுக்காரன், அவன் என்ன ஆனான்னு ஒருத்தனாவது சொன்னானா?" என்று கேட்டார். சமையலறையிலிருந்து இத்தனை வருஷமும் அவர் கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. சாப்பிடும்போதும் திட்டினோம். சாப்பிட்ட பிறகும் திட்டினோம். வெயில் தாழ்ந்து அத்தை ஜன்னல் திரையை விலக்கியபோது, திட்ட இனி எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது. நான் எழுந்தேன். அத்தை, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த வாரம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மாமா கீழேவரை வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். ஐந்து மாடியும் லிஃப்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இறங்கினோம். கீழே நான் வெளியே வந்தேன். அவர் உள்ளேயே நின்று, வருகிறேன் என்பதுபோல் தலையசைத்து ஐந்தை அழுத்தினார். நானும் தலையசைத்தேன். கதவு மூட ஆரம்பித்தது. மூடிக்கொண்டிருக்கும் கதவில் கை வைக்காதீர்கள் என்று வேலை பார்த்த அத்தனை கட்டடங்களிலும் நோட்டீஸ் ஒட்டிய மனிதர், இடுக்கில் கையை விட்டார். கதவு இடித்துக்கொண்டு திறந்தது.

"அந்தக் குதிரை" என்றார். "குதிரையைப் பத்திப் பேசவே இல்லையே."

"விசிலடிச்சா குகைச் சுவத்துக்குள்ளேருந்து வருது மாமா" என்றேன்.

"அஞ்சாவது பாகத்துல அது களைச்சுப் போகும். இறங்கி நடக்கணும்."

"தண்ணி காட்டணும்."

"ஆமா, தண்ணி காட்டணும்" என்றார். கதவு மறுபடி மூட வந்தது. அவர் மறுபடி கையை வைத்தார்.