செருப்பு ஒட்டும் வாசல்

சேலையூரில் ஞானசௌந்தரி டீச்சர் வீட்டு வாசலில், வந்த விஷயத்தைச் சொல்லாமல் கிளம்புகிறவர்களின் செருப்பு தரையை விட்டு வராது. 2002 மழைக்காலத்தில் இது தொடங்கியது. முதலில் மாட்டிக்கொண்டவர் பக்கத்து வீட்டு எட்மண்ட். சர்ச் விருந்தில் பிரியாணி குழைந்ததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுந்தவர், குனிந்து இழுத்தார், உட்கார்ந்து இழுத்தார். கடைசியில் எரிச்சலாகி, “உங்க தென்னை மட்டை எங்க ஷீட் மேலயே விழுது டீச்சர், அதான் சொல்ல வந்தேன்” என்றார். செருப்பு காலோடு வந்துவிட்டது. நம்மில் யார்தான் வந்ததும் விஷயத்தைச் சொல்கிறோம்? வெயில், சாப்பாடு, பிள்ளைகளின் மார்க் எல்லாம் முடிந்து, செருப்பு மாட்டும்போதுதானே “அப்புறம் ஒண்ணு...” என்று இழுப்போம். அந்த வாசல் அதைக் கட்டாயமாக்கியது, அவ்வளவுதான். யாராவது சுற்றி வளைத்தால் “செருப்பு ஒட்டிக்கிச்சா?” என்று கேம்ப் ரோடு வரைக்கும் கேட்கிறார்களே, அது இப்படி வந்ததுதான். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு டீச்சரைத் தெரியாது.

சௌகத் அலிக்கு மேற்குத் தாம்பரத்தில் கார் சீட் கவர் தைக்கும் கடை. மனைவி இறந்து பல வருஷமாகிறது. மகள் சோயாவை டீச்சரிடம் கணக்கு டியூஷனுக்கு அழைத்து வந்தவர், அவள் காட்டாங்குளத்தூரில் காலேஜ் சேர்ந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். கணவரை இழந்த டீச்சர் டீ கொடுப்பார். அவர் மழையைப் பற்றிப் பேசுவார், சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதைப் பற்றிப் பேசுவார். பாவம், தங்கமான மனுஷன். கிளம்பும்போது செருப்பை இழுத்துக்கூடப் பார்க்காமல், வெறுங்காலால் பைக்கை உதைத்துப் போய்விடுவார். அடுத்த முறை வேறு செருப்பு. வாசலில் கடை பரப்பினாற்போல் ஜோடி ஜோடியாகச் சேர்ந்தன. டீச்சர் அவற்றைச் சுற்றிப் பெருக்கினார். மழை வந்தால் பாலிதீன் போட்டு மூடினார்.

எதிர்வீட்டு அபிதகுஜாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணா, அந்த ஒண்ணைச் சொல்லிட்டுத்தான் போங்களேன். கால் பொசுங்குது பாருங்க” என்றார்.

“எங்க ஜமாத்து ஒரு பக்கம், அவங்க சர்ச்சு ஒரு பக்கம். சொல்லி, இனிமே வராதீங்கன்னுட்டா என்னம்மா பண்றது? செருப்பு போனாப் போவுது” என்றார் சௌகத் அலி.

2007இல் டீச்சரின் மகன் ஜோஸ்வின், அம்மாவை ஒரேயடியாகப் பெங்களூருக்கு அழைத்துப்போகக் காரோடு வந்தான். பெட்டிகள் ஏறின. வழியனுப்ப வந்த சௌகத் அலி, ஓசூர் பக்கம் மழையாம் என்றார். டீச்சர் படியிறங்கிச் செருப்பில் கால் நுழைத்தார். வரவில்லை. தன் வீட்டு வாசலிலேயே. ஜோஸ்வின் குனிந்து இழுத்தான்.

“விடுப்பா” என்றார் டீச்சர். “இவர் வந்து மழையைப் பத்திப் பேசலைன்னா எனக்குச் சாயங்காலமே இல்ல. இவரைக் கட்டிக்கணும்னு இருக்கு. நான் வரல.”

அவர் செருப்பு விட்டுக்கொடுத்தது. கூடவே வாசலில் ஒட்டியிருந்த அத்தனை ஜோடிகளும் ஒவ்வொன்றாகத் தரையை விட்டன, சௌகத் அலி சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமில்லாததால். அவர் எல்லோர் முன்னாலும் அழுதார். ஜோஸ்வின் பெட்டிகளை இறக்கினான்.

பதிவுத் திருமணம் முடிந்த அன்று மாலை சௌகத் அலி படியோரம் கழற்றிவிட்ட செருப்பு, மறுநாள் காலையிலும் அங்கேயே கிடந்தது. மறுபடி ஒட்டிக்கொண்டதோ என்று, பால் வாங்கக் கிளம்பிய அபிதகுஜாம்பாள் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். நகர்ந்தது.