கையைச் சுழற்றாத மெர்ல்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஆறு ஊர் பார்த்துவிட்டேன். எங்க வீட்டுக்காரர் மெர்ல், கல்லூரி பேஸ்பால் அணிகளுக்கு உதவிப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் போனால், புதிதாக வருகிறவன் தன் ஆட்களைத்தான் கூட்டி வருவான். பழைய உதவியாளர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்தத் தொழிலில் அது வழக்கம், யாரையும் நொந்து பயனில்லை. நான் நொந்துகொள்வேன், அது வேறு விஷயம். அதனால் எந்த வீட்டிலும் அட்டைப்பெட்டிகளை எறிந்ததில்லை, மடித்து வைத்திருப்பேன்.

அயோவாவில் ஏழு வருஷம் ஓடியது. தலைமைப் பயிற்சியாளர் ஓய்வு பெறப்போகிற வருஷம், கல்லூரியின் விளையாட்டுத் தலைவர் மெர்லைக் கூப்பிட்டார். "கோப்பையக் கொண்டு வாய்யா, அந்த நாற்காலி உனக்குத்தான்" என்றார். அன்றைக்கே பெட்டிகளைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். எனக்கு எப்பவும் அவசரம்.

மே மாதம் இறுதி ஆட்டம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அணியும் சமம். எங்கள் அணியில் பந்து பிடிக்கிற கேட்சர் கர்பி இரண்டாவது பேஸில் நிற்கிறான். அவன் மூன்றாவது பேஸைச் சுற்றி, பந்தை அடிக்கிற இடமான ஹோமுக்கு ஓடி வந்துவிட்டால் கோப்பை எங்களுக்கு. மூன்றாவது பேஸ் பக்கத்தில் மெர்ல். அவர் கையைச் சுழற்றினால் ஓடணும், இரண்டு கையையும் தூக்கினால் நிற்கணும். ஓடுகிறவன் பந்தைப் பார்க்கமாட்டான், அந்தக் கையைத்தான் பார்ப்பான்.

முந்தின நாள் பயிற்சியில் கர்பி முட்டியைப் பிடித்துக்கொண்டதை மெர்ல் பார்த்திருந்தார். "வெளிய உக்கார வெச்சிடாதீங்க கோச்" என்று பையன் அழாத குறையாகக் கெஞ்சினான். "சரி, ஆடு. ஆனா என் கையைப் பாத்துத்தான் ஓடணும்" என்று இவரும் இளகிவிட்டார். அவனைக் கல்லூரிக்குக் கூட்டிவரப் போனபோது, அவன் அம்மா சமையல்கட்டில் உட்கார்ந்து, பையனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவர் இவர்தானே!

பந்து வலது மூலைக்குப் பறந்தது. கர்பி பாய்ந்து வந்தான். ஹோமில் எதிரணி கேட்சர் சுவர் மாதிரி வழியை அடைத்து நின்றான். மோதித்தான் உள்ளே போகணும்.

மெர்ல் இரண்டு கையையும் தூக்கினார்.

"நொண்டிக் கழுதைகூட வந்திருக்குமேய்யா! கையில என்ன, சுளுக்கா?" என்று எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். திரும்பி அவனை அறைந்திருப்பேன். ஆனால் அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து அடிக்க வந்தவன் ஆட்டமிழந்தான். ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போய், பத்தாவதில் தோற்றோம். கர்பி தலைக்கவசத்தைத் தரையில் அடித்தான்.

காரில் கேட்டேன். "ஏன் நிறுத்துனீங்க?"

"பேஸைச் சுத்துறப்ப வலியில அவன் மூஞ்சி சுருங்கிடுச்சு நாடீன். நான் பார்த்தேன்."

"வேலை போச்சே, பாவி மனுஷா."

"தெரியும்."

இரண்டு வாரத்தில் டெக்சாஸிலிருந்து புது ஆள் வந்தான், கூடவே அவனுடைய இரண்டு ஆட்கள். மெர்லிடம் மரியாதையாகத்தான் கை கொடுத்தான். நான் மளிகைக் கடையின் பின்கதவில் நின்று காலி வாழைப்பழப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். அந்த வெட்கத்தை என்னவென்று சொல்ல!

தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கர்பியின் அம்மா. மெர்ல் கேட்டுவிட்டு வைத்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"ஸ்கேன் பாத்தாச்சாம் நாடீன்! முட்டியில ஒண்ணுமே இல்லையாம், வெறும் பிடிப்பாம்!"

ஒன்றுமில்லாத முட்டிக்கா ஏழு வருஷத்தைக் கொடுத்தோம்? வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

"அப்ப ஓடி வந்திருப்பானே."

அவர் ஒரு பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தார்.

"ஆமா," என்றார். "வந்திருப்பான்."

சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணீர் மட்டும் தாடைவரை இறங்கியது. அதைத் துடைக்காமலே என் பக்கம் கையை நீட்டினார்.

"அடுத்த தட்டைக் குடு."