குலாம் முகம்மதின் கைநாட்டு

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக தையல்காரர் ஷாஹுல் ஹமீது காட்சிசாலை வாசலில் வந்து நின்றபோது, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வைரவன் டிக்கெட்டைக் கிழிக்கவில்லை.

“இன்னா பாய், நீ தச்ச டவுசரை எவனாச்சும் தூக்கினு பூடுவான்னு காவலா?”

ஷாஹுல் ஹமீது சிரிக்க முயன்றார். “அம்மா கீறாங்களா?”

“உள்ளதான். பொம்மைக்குப் பொட்டு வெக்கறதா வேணாமான்னு காலைலேந்து யோசிச்சுக்கினு கீறாங்க. நீயாச்சும் போய் ஒரு வழி சொல்லு.”

லஸ்ஸுக்குப் பின்னால் இருந்த பழைய பங்களா அது. எழுபத்து நாலாம் வருஷம் தமிழ்ப் புத்தாண்டு அன்று அதைக் காட்சிசாலையாகத் திறந்தார்கள். பள்ளிக்கூடமும் பிள்ளைகளின் வாழ்க்கையும் அந்தக் காலத்தில் எப்படி இருந்தன என்று காட்டும் மூன்று அறைகள். மணல் பரப்பிய தட்டு, ஓலைச்சுவடி, உடைந்த சிலேட்டுகள், பம்பரங்கள், மரச்செப்பு, நடைவண்டி. பொறுப்பாளர் கோமளம், முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மர பொம்மை ஒன்றுக்கு நாற்பது வருஷத்துக்கு முந்தைய பள்ளிப் பையனின் உடுப்பு வேண்டும் என்று அவர்தான் ராயப்பேட்டைக்கு வந்து ஷாஹுல் ஹமீதின் கடையில் கேட்டார். ஒரு மங்கலான போட்டோவையும் நீட்டினார். ஷாஹுல் ஹமீது அதை வாங்கிப் பார்க்கவில்லை. “எனக்குத் தெரியும்மா” என்றார்.

திங்கட்கிழமை அந்த நாடா வைத்த அரைக்கால் சட்டையைப் பொம்மைக்கு மாட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். உள்ளே ஒரு நீளமான பேரேடு திறந்து கிடந்தது. அருகில் சாய்த்து வைத்த பிரம்பு. மேலே ஒரு அட்டை: ‘தண்டனைப் பதிவேடு, 1938.’ மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பேரேடு. மூன்றாவது வரியை அவர் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஹெட்மாஸ்டருடைய எழுத்தின் சாய்வே போதுமாக இருந்தது.

‘ஷாஹுல் ஹமீது. த/பெ. குலாம் முகம்மது. ஐந்தாம் வகுப்பு. வர்ண சாக்குக்கட்டிப் பெட்டி திருடியது. பிரம்படி ஆறு. பள்ளியினின்றும் நீக்கம்.’

வரியின் கடைசியில் கறுப்பாக ஒரு கைநாட்டு.

சனிக்கிழமை அவருடைய மகள் ஷாகிராவின் வகுப்பு இந்தக் காட்சிசாலையைப் பார்க்க வருகிறது. எட்டாம் வகுப்பு, நாற்பது பெண்கள். அவளுக்குத் தாத்தாவின் பெயர் தெரியும். ஆனால் அவள் அத்தா ஏன் ஐந்தாவதோடு நின்றார் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த காரணம் வேறு. தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனது, பையனை வேலைக்கு அனுப்பிவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே பெண் வீட்டாரிடம் சொன்ன காரணம் அது. ஒருமுறை சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை. இருபது வருஷத்தில் அவருக்கே பாதி உண்மையாகிவிட்டது.

கோமளம் பொம்மையின் முன்னால் கையில் சாந்துக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். “என்ன பாய், தையல்ல ஏதாவது பாக்கியா?”

“இல்லீங்கம்மா.” அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கோமளம் காத்திருந்தார்.

“இந்தப் புஸ்தகத்துல பக்கத்தைத் திருப்பி வெக்க முடியுங்களா?”

“ஒண்ணாந்தேதி திருப்புவேன். ஒரே பக்கம் வெளிச்சத்துல கெடந்தா மை போயிடும். மாசத்துக்கு ஒரு பக்கம்னு கணக்கு.”

“சனிக்கிழமைக்குள்ள முடியாதுங்களா?”

“ஏன்?”

அவர் கண்ணாடியின் மேல் விரலை வைத்தார். எந்த வரி என்று தெரியும்படி வைத்தார். கோமளம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தார்.

“நீங்களா?” என்றார் குனிந்தபடியே.

“ஆமாங்க.”

“நெஜமாவே எடுத்தேளா?”

“எடுத்தேன்.”

வேறு யாரோ எடுத்தார்கள், பழி என்மேல் விழுந்தது என்று சொல்லியிருந்தால் கோமளத்துக்கும் சுலபமாக இருந்திருக்கும். ஷாஹுல் ஹமீது அப்படிச் சொல்லவில்லை. கோமளம் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“எழுத்து நன்னா இருக்குன்னுதான் இந்தப் பக்கத்தை எடுத்தேன் பாய். புஸ்தகம் பூரா பொரட்டிப் பொரட்டித் தேடினேன். இந்த வேலைல இருக்கறவாளுக்கு ஒரு கெட்ட பழக்கம். கண்ணாடிக்குள்ள வெச்சுட்டா, அதுல இருக்கறவா எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டான்னு நெனச்சுண்டுடுவோம். முப்பத்தாறு வருஷம்தானே ஆச்சு. கணக்குப் போட்டுப் பாத்திருக்கலாம். போடலை.”

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். பழைய காகிதத்தின் வாசனை வந்தது. பக்கத்தின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கியவர், அப்படியே நிறுத்தினார்.

“இந்தக் கைநாட்டு உங்க அப்பாவோடதா? நடுவுல ஒரு கோடு போறது பாருங்கோ.”

“பீடி எல வெட்டற கத்திரி பட்டது.”

அந்தத் தழும்பை அவர் மறந்தே போயிருந்தார். தன் அத்தாவின் போட்டோ என்று ஒன்று கிடையாது. இப்போது அந்தக் கோடு, மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே மெலிந்து, அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அன்றைக்கு ஹெட்மாஸ்டர் அறையில் அத்தா கட்டை விரலை மையில் அழுத்தி, காகிதத்தில் வைத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் கையைப் பிடித்து ஒரு தையல்கடையில் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார். சாக்குக்கட்டிப் பெட்டியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. கடைசி வரை அவருக்குக் காய்ச்சல்கூட வந்ததில்லை.

“திருப்பட்டுமா?” என்றார் கோமளம்.

ஷாஹுல் ஹமீது குனிந்து அந்தக் கைநாட்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். பக்கம் திரும்பியது.

சனிக்கிழமை சாயங்காலம் ஷாகிரா கடைக்கு நேராக வந்துவிட்டாள். காஜா எடுத்துக்கொண்டிருந்த ஷாஹுல் ஹமீதின் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நீங்க தச்ச டவுசரைப் பாத்து எல்லாரும் ஒரே சிரிப்பு அத்தா. அவ்ளோ தொளதொளன்னா போடுவாங்க?”

“வளர்ற புள்ளைங்க. ரெண்டு வருஷம் வரணும்ல.”

“அப்புறம் ஒரு புஸ்தகம் இருந்துச்சு. யாரு யாருக்கு எத்தனை அடின்னு எழுதி வெச்சிருக்காங்க. வகுப்புல தூங்கினதுக்கு ரெண்டு. மைக்கூட்டைக் கவுத்ததுக்கு மூணு. சிரிச்சுக்கிட்டே படிச்சோம். அப்ப புஷ்பம் கேட்டா, இந்தப் பசங்கள்லாம் இப்ப எங்கடீ இருப்பாங்கன்னு. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல.”

ஊசி துணியில் நின்றது.

“அந்த டீச்சரம்மா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. மூக்குக்கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு நின்னாங்க.” ஷாகிரா காலை ஆட்டினாள். “நீங்களும் படிச்சிருக்கலாம் அத்தா. தாத்தா மட்டும் அவசரப்பட்டு உங்கள வேலைக்கு அனுப்பாம இருந்திருந்தா. கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம்ல அவரு.”

இதை அவள் முதல் தடவையாகச் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவும் சொல்லியிருக்கிறாள், மாமனார் சொல்லியிருக்கிறார், விசேஷ வீடுகளில் உறவுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து தைத்துக்கொண்டேயிருந்தார். மற்றவர்களுக்கு அது மகன் தகப்பனுக்குக் காட்டும் மரியாதையாகத் தெரிந்தது. என்ன மரியாதை. திருடியது அவர். அதை வாயில் போட்டு விழுங்கிக்கொண்டவர் அவருடைய அத்தா. விழுங்கியவர் மேல் இத்தனை வருஷமாகப் பழி.

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“நாளைக்கு என்கூட அங்க வரியா?”

“எங்க?”

“அந்தக் காட்சிசாலைக்கு.”

“இன்னிக்குத்தானே பாத்தேன்.”

“எல்லாம் பாக்கல. அந்தப் புஸ்தகத்துல நீங்க பாத்ததுக்கு முன்னால ஒரு பக்கம் இருக்கு. கேட்டா அந்தம்மா திருப்பிக் காட்டுவாங்க.”

ஷாகிரா காலாட்டுவதை நிறுத்தினாள். அத்தா இப்படி ஒரு இடத்துக்கு அவளைக் கூப்பிட்டது இல்லை.

“அதுல யாரு இருக்கா?”

தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். ஷாஹுல் ஹமீது துணியை மடித்து ஓரமாக வைத்தார்.

“உங்க தாத்தா” என்றார். “நானும்.”