மாதா நீலம்

மாதா தேருக்கு அடித்தது போக ஒரு டப்பா நீலப் பெயிண்ட் மிஞ்சியது. சூரமங்கலம் சவரிராயன் அதைத் தன் வாடகை வேனுக்கு அடிக்கச் சொன்னார். சாமியார் மந்திரித்த பெயிண்ட், ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று உத்தரவு வேறு. பெயிண்டர் பொன்னன் வீணாக்கவில்லை. பேட்டரியைக் கழற்றி இறக்கி, அதைச் சுற்றியிருந்த சட்டம், போல்ட் மாட்டும் இடம் எல்லாவற்றுக்கும் கெட்டியாகப் பூசி, திரும்ப மாட்டிக் கொடுத்தான்.

மறுநாள் வேன் ஆகாயமாட்டம் நின்றது. நின்றது, அவ்வளவுதான். ஸ்டார்ட்டும் இல்லை, விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை.

மெக்கானிக் கந்தவேல் வந்தான். பட்டனில் கோளாறோ என்று ஹாரன் ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிப் பார்த்தான். சத்தமில்லை. முறுக்கினதை அப்படியே விட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ஒயரிங் பூராவும் போச்சுங்க. புதுசா மாத்தோணும்."

சவரிராயன் மகளைப் பார்த்தார். இன்பமேரி பி.எஸ்ஸி. அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மெட்ராசில் டீச்சர் வேலைக்கான பி.டி. படிக்க இடம் கிடைத்து, பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

"பி.டி.ய அடுத்த வருசம் பாத்துக்கலாம் சாமி. அந்தப் பணத்துல வண்டிய..."

"உங்க வண்டிக்கு ஒயரு போனா என் படிப்பு எதுக்குப் போகோணும்?"

கந்தவேல் சிரித்தான். "பெரிய படிப்புப் படிச்சவங்க. பாப்பாவே வண்டியப் பாக்கட்டுமுங்க."

"பாக்கறேன். ஓட வெச்சா பி.டி. உண்டாங்கப்பா?"

சவரிராயனுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

இன்பமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பழைய பல்பு, இரண்டு துண்டு ஒயர், அடுப்படிக் கத்தி, கொஞ்சம் உப்புத்தாள். இவ்வளவுதான் எடுத்தாள். பல்பில் ஒயர்களைக் கட்டி, பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தாள். எரிந்தது. பேட்டரிக்கு உயிர் இருக்கிறது. சட்டத்தோடு சேரும் முனையில் இருந்த ஒயரை மட்டும் எடுத்து, வண்டியில் பெயிண்ட் படாத இரும்பில் வைத்தாள். எரியவில்லை.

"எர்த் கெடைக்கல."

"எர்த்துன்னா மண்ணுதானே? வண்டிக்கு எதுக்குச் சாமி மண்ணு?"

"மண்ணில்லீங்கப்பா! பேட்டரியோட ஒரு முனைய வண்டி இரும்போட சேத்திருக்கு. போன கரண்டு அது வழியாத்தான் திரும்போணும்." அந்த முனையின் ஒயரைச் சட்டத்தோடு சேர்க்கும் போல்ட்டைக் கழற்றினாள். அடியில் கொழகொழவென்று நீலம். "இந்தாங்க, உங்க மாதா நீலம் வழிய மறிச்சுட்டு உக்காந்திருக்கு."

அவள் கத்தியை வைத்ததும் சவரிராயன் சிலுவை போட்டுக்கொண்டார். "மந்திரிச்ச பெயிண்டுடீ!"

"கரண்டு இன்னும் ஞானஸ்நானம் வாங்கலீங்கப்பா."

இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கினாள். அவ்வளவுதான். கந்தவேல் முறுக்கி விட்டிருந்த ஹாரன் அலறத் தொடங்கியது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"நிறுத்து புள்ள!" சவரிராயன் காதைப் பொத்தினார்.

இன்பமேரி ஹாரன் ஒயரைப் பிடித்தாள். பிரிக்கவில்லை.

"பி.டி.?"

"என்னது?"

"பி.டி.!"

"போ! மெட்ராசுக்கே போய்த் தொல! மொதல்ல அந்தச் சனியன நிறுத்து!"

ஒயரைப் பிரித்தாள். ஊர் அடங்கியது.

"நாஞ் சாட்சிங்க பாப்பா," என்றான் கந்தவேல்.