ஆறில் நின்ற திருகு

அக்காவுக்குத் தலைவலி மாலை நாலு பத்துக்கு வரும். மூன்று வாரமாக நோட்டில் குறித்து வருகிறேன். வலது கண்ணில் நீர் கொட்டும், இமை தொங்கும், மூக்கு ஒழுகும். படுக்க முடியாது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பாள், நடுவில் நின்று சுவரில் நெற்றியை இடிப்பாள். கொத்துத் தலைவலி என்றார் மருத்துவர். வலி தொடங்கியதும் முகமூடி போட்டு, நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் வீதம் கால் மணி நேரம் ஆக்சிஜன் இழுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவள்; வலி தொடங்கியதிலிருந்து விடுப்பில் இருக்கிறாள். ஆக்சிஜன் பலித்தால் சிலிண்டரைக் கடையின் பின்னறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பலிக்காவிட்டால் திங்கட்கிழமை அவள் இடத்துக்கு வேறு ஆள்.

பலிக்கவில்லை. ஐந்து நாளும் வலி எழுபது நிமிடத்துக்குக் குறையவில்லை.

"இந்த இரும்புக் கழுதைய எடுத்துட்டுப் போகச் சொல்லுடா. பார்த்தாலே எரிச்சலா வருது" என்றாள் அக்கா வெள்ளிக்கிழமை.

திருப்பி அனுப்பும் படிவத்தை நிரப்பி, சிலிண்டரை வாடகைக்குத் தந்த நிறுவனத்தில் அன்றே கொடுத்துவிட்டு வந்தேன். இந்த மாதிரி வேலைகளில் மட்டும் நான் தாமதிப்பதில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்குச் சிலிண்டர்காரர் வந்தார். அவர் குழாயைக் கழற்றுவதற்குள் அக்காவுக்கு வலி வந்துவிட்டது. முகமூடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். நான் வழக்கம்போல் திருகைத் திறந்தேன்.

அவர் முகமூடிக்கு அடியில் தொங்கும் பையையே பார்த்தார். அக்கா மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது ஒட்டிப்போனது.

"ஏன் ஆறுல வெச்சிருக்கீங்க?"

"பன்னெண்டுல வெச்சா சீக்கிரம் தீர்ந்துடும்ணே. ஆறுல வெச்சா ரெண்டு மடங்கு நாள் வரும்னு கணக்குப் போட்டு..."

"நல்லா போட்டீங்க தம்பி. வீடு பத்தி எரியும்போது சொம்புல ஊத்தித் தண்ணிய மிச்சம் பிடிச்ச மாதிரி."

அவரே திருகைப் பன்னிரண்டுக்குத் திருப்பினார். பை புடைத்துக்கொண்டது. அப்போது மணி நாலு பதினாலு. நாலு இருபத்தேழுக்கு அக்கா நடப்பதை நிறுத்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

முகமூடியைக் கழற்றினாள். "அஞ்சு நாளும் ஆறுலதான் வெச்சியா?"

"ஆமாக்கா."

"பரீட்சையிலயும் பாதி கேள்விக்குப் பதில் எழுதிட்டு, மீதிய அடுத்த வருஷத்துக்கு வெச்சுப்பியாடா?"

திட்டியிருந்தால் தேவலை. நான் சிலிண்டர்காரரிடம் திரும்பினேன். "அண்ணே, இது இங்கயே இருக்கட்டுமே."

"நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? இதை வேற வீட்டுக்குப் போட்டாச்சு. புதுசா விண்ணப்பம் குடுங்க, பத்து நாள்ல வரும்."

படியில் சிலிண்டர் இடித்துக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"அந்த நோட்டை எடு. முதலாளிகிட்ட காட்டணும்" என்றாள் அக்கா. "இன்னைக்குப் பதிமூணு நிமிஷத்துல நின்னுச்சுன்னு எழுது. மத்த நாள் ஏன் நிக்கலைன்னும் எழுது."

நோட்டை விரித்தேன். தேதி, தொடக்கம், முடிவு, கண், மூக்கு என்று நான் படிக்கும் கணக்குப்பதிவு வகுப்பில் பழகிய கட்டங்கள். எத்தனை லிட்டர் என்பதற்குக் கட்டமே இல்லை. அளவுகோல் வைத்து ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, மேலிருந்து கீழாக ஐந்து முறை ஆறு என்று எழுதினேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள்.

"கோடு மட்டும் நேரா இருக்கு" என்றாள்.