வால்வின் வாயில் ஒரு டம்மி

காலை எட்டரை மணிக்கு மெக்கானிக் தன் கடையைத் திறந்து, வாஷிங் மெஷினில் தண்ணீரைச் சுடவைக்கும் காயில் ஒன்றை ஸ்குரு டிரைவரால் தட்டிக்கொண்டிருந்தார். தட்டத் தட்ட வெள்ளைப் பொருக்கு உதிர்ந்து காகிதத்தில் குவிந்தது. அந்தப் பகுதிக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரும் உப்பு அது. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. பத்து வருடமாக அவர் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த உப்பால்தான்.

அதனாலேயே அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஏன் அடிக்கடி ரிப்பேர் ஆகிறது என்று கேட்டால், "இப்ப வர்ற சாமான் எல்லாம் அப்படித்தாங்க" என்பார். சூட்டைக் குறைத்து வைத்தால் உப்பு குறைவாகப் படியும், வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்தால் ஹீட்டர் பல வருடம் உழைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "சொல்லித்தான் தொலையுங்களேன்" என்று மனைவி ஒருநாள் சொன்னதற்கு, "சொல்லிட்டு நாம ஈ ஓட்டவா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார். கைச்சுத்தம் உள்ள மனிதர்தான். வாயில்தான் அந்தச் சுத்தமில்லை.

போன் அடித்தது. கடையில் கூட இருந்த மனைவி பேசிவிட்டு வைத்தாள்.

"டீச்சரம்மா, ஸ்கூல்ல இருந்து. வீட்ல ஹீட்டர் ஒரு மணி நேரமா லைட் அணையாம ஓடுதாம். உள்ள கடகடன்னு சத்தமாம். சாயங்காலம் வந்து பார்க்கச் சொன்னாங்க."

"தண்ணி சொட்டுதான்னு கேட்டியா?"

"அவங்களே சொன்னாங்க. நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து ஒரு சொட்டு இல்லையாம்."

மெக்கானிக் ஸ்குரு டிரைவரைக் கீழே போட்டார். பத்து நாளுக்கு முன் அந்த வீட்டு ஹீட்டரின் சேஃப்டி வால்வு உப்பு சிக்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் அழுத்தம் ஏறினால் வெளியே விடுகிற வழி அது ஒன்றுதான். பையில் புது வால்வு இல்லை. தரை ஈரமாகிறதே என்று டீச்சர் முகம் சுளித்தார். ரெண்டே நாளில் மாற்றிவிடலாம் என்று வால்வின் வாயில் ஒரு டம்மியை, அதாவது ஓட்டையில்லாத மூடியைப் போட்டு முறுக்கி அடைத்துவிட்டு வந்தவர், அதைச் சுத்தமாக மறந்துபோனார். இப்போது சூடு ஏறியதும் கரண்ட்டை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட்டும் உப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டி கொதித்துக்கொண்டே இருக்கும். எந்த நேரமும் வெடிக்கலாம்.

"வீட்ல யாரு இருக்கா?"

"அவங்க தங்கச்சிதான். கைக்குழந்தையைக் குளிப்பாட்டத்தான் தண்ணி போட்டிருக்காங்களாம். ஏங்க, என்ன ஆச்சு?"

அவர் டீச்சரைத் திரும்ப அழைத்தார். போன் அணைந்திருந்தது, வகுப்புக்குள் போய்விட்டார் போலிருக்கிறது. தங்கையின் நம்பர் அவரிடம் இல்லை. நாலே தெருதான் தூரம், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆனால் முதல் திருப்பத்திலேயே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்து வழியை அடைத்துக்கொண்டு, நகர்வேனா என்றது. ஹாரனை அழுத்திய கையை அவர் எடுக்கவில்லை. கடைசியில் வண்டியை நடைபாதையில் போட்டுவிட்டு ஓடினார்.

மூன்று மாடிக் கட்டடம். டீச்சர் வீடு இரண்டாவது மாடி. படிக்கட்டின் கீழே பன்னிரண்டு மீட்டர்கள் இருந்தன, எது யாருடையது என்று எழுதியிருந்தது அழிந்துபோயிருந்தது. தேட நேரமில்லை. மொத்தக் கட்டடத்தின் மெயின் சுவிட்சைப் பிடித்து இறக்கினார். மிக்சிகளும் ஃபேன்களும் ஒரே நொடியில் நின்றன.

"யாருப்பா அது மெயினை இறக்கினது?" என்று முதல் மாடித் தையல்காரர் கத்தினார். மெக்கானிக் அவரைத் தாண்டி மேலே ஓடிக் கதவைத் தட்டினார்.

தங்கை துண்டில் சுற்றிய குழந்தையோடு வந்து திறந்தாள். "என்னண்ணே, இப்பத்தான் கரண்ட் போச்சு. வாளியில தண்ணி பிடிக்கலாம்னு போனேன்."

"குழாயைத் தொடாதம்மா, ஆவி அடிச்சிடும். பிள்ளையைத் தூக்கிட்டுக் கீழ போ. ஓடு."

குளியலறைக்குள் ஹீட்டர் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீடுகளையும் தட்டி எல்லோரையும் இறக்கினார். முனகல் அடங்கி, தொட்டி கை வைக்கிற சூட்டுக்கு வரும்வரை ஒருவரையும் மேலே விடவில்லை. அதன்பிறகு கழற்றிய காயிலைக் கீழே கொண்டுவந்து படியில் வைத்தார். விரல் பருமன் காயில், உப்பேறி மணிக்கட்டுப் பருமனுக்கு வீங்கியிருந்தது.

"கம்பெனிக்காரன் மேல கேஸ் போடணும்" என்றார் தையல்காரர்.

அப்படியே விட்டிருந்தால் பழி கம்பெனி மேல் போயிருக்கும். மெக்கானிக் குறுக்கிட்டார்.

"கம்பெனி மேல தப்பில்லைங்க. இது குழாய்த் தண்ணி உப்பு. எனக்குப் பத்து வருஷமா தெரியும். சொன்னா பொழப்பு போயிடும்னு சொல்லல. அந்த வால்வை அடைச்சதும் நான்தான்."

தங்கை குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவள் குரல் உயரவே இல்லை.

"அன்னிக்கே உங்கள கேட்டேனேண்ணே, இந்த வெள்ளை எங்க இருந்து வருதுன்னு. சாமான் அப்படின்னீங்க. தெரியாதவங்க சொல்லலைன்னா பரவாயில்ல. தெரிஞ்ச நீங்க வாயை மூடிக்கிட்டா, என்னை மாதிரி ஆளுங்க பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு அந்த ஹீட்டருக்குக் கீழயேதான் நிப்போம்."

மெக்கானிக் காயிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உங்க வீட்டு ஹீட்டரைத் திறந்து காட்டுறேன் வாங்க" என்று தையல்காரரிடம் சொன்னார். "என்ன செய்யணும், எத்தனை நாளைக்கு ஒருதரம் செய்யணும், எல்லாம் சொல்லிக் குடுக்குறேன். அப்புறம் என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே உங்களுக்கு வராது."