துளை போடாத தவளை

1

இந்தக் கதை ஒரு வியாபாரப் பொய்யில் பிறந்தது. கோயில் வாசல் சந்தையில் பழம்பொருள் விற்கும் பெண்மணி நெட்சுகே என்னும் சின்னச் செதுக்குக் குமிழ் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "இது புருஷன் தள்ளிவெச்ச பொம்பள செஞ்சதுங்க" என்றார். அவரிடம் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கண்ணீர்க் கதை உண்டு. நான் நம்பவில்லை. ஆனாலும் மூன்று வாரமாக அந்தப் பெண் என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை.

முதல் வரி இப்படி இருந்தது: இருநூறு வருஷத்துக்கு முன், ஜப்பானின் இவாமி நாட்டில், பனி படர்ந்த ஆற்றங்கரையில், துயரமே உருவாக ஒருத்தி... 

அடித்துவிட்டேன். அவளுக்கு ஒசாவா என்று பெயர் வைத்தேன்; துயரமே உருவானவள் அல்ல. வயது முப்பத்தெட்டு. காட்டுப்பன்றித் தந்தத்தில் விலங்குகள் செதுக்குவாள். வாயைத் திறந்தால் ஏச்சு.

2

அவளைத் தள்ளிவைத்த காகித வியாபாரி யஹேயின் புது மனைவி ஒதாமி ஒருநாள் காலையில் வந்து நின்றாள்.

"அக்கா, அவருக்கு ஒரு தவளை செஞ்சு தரணும்."

"நான் உனக்கு அக்கா இல்ல. தவளை எதுக்கு?"

"ஒசாகாவுக்குப் போனா மாசக்கணக்கா வரமாட்டேங்கிறாரு."

(எங்கள் ஜப்பானியப் பேச்சில் தவளைக்கும் திரும்பி வருவதற்கும் ஒரே சொல், கயேரு. புகையிலைப் பையின் கயிறு இடுப்புக் கச்சையிலிருந்து நழுவாமல் பிடிக்கும் குமிழ்தான் நெட்சுகே. அது தவளையாக இருந்தால் ஆள் வீடு திரும்புவான் என்று நம்பிக்கை.)

"ஆறு வருஷம் அவரோட இருந்தீங்க. அவரை வரவைக்கிற வழி தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா நான் ஏன் இங்க உக்காந்து பன்றிப் பல்லை இழைச்சிட்டிருக்கேன்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. சண்டை போடவைக்கத்தான் ஒதாமியைக் கூட்டிவந்தேன்.

3

தவளையின் ஒரு விரலை மட்டும் கூராக விட்டால், யஹேயின் பட்டுச் சட்டைக்கை தினமும் மாட்டிக் கிழியும். பழிவாங்கும் கதையாக இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். ஒசாவா ஒத்துழைக்கவில்லை. துணியைக் கிழிக்கிற நெட்சுகே அவனுக்கா அவமானம்? செய்தவளுக்கல்லவா!

அவள் உயிருள்ள தவளை ஒன்றைப் பிடித்து வந்து உள்ளங்கையில் பொத்திவைத்து, அதன் வயிறு அடித்துக்கொள்வதை விரலால் படித்தாள். யாரும் பார்க்காத அடிவயிற்றின் மடிப்புகளுக்கே நாலு நாள் போயிற்று. நெல்லிக்காய் அளவுத் தவளை. கண்ணை மூடித் தடவினால் தாவப்போகிறது என்று கை தானாக இறுகும்.

கயிறு கோக்கும் துளைகள்தான் பாக்கி. துளையிடும் இடத்தைப் பொறுத்தது, தொங்கும்போது தவளை எங்கே பார்க்கும் என்பது. ஒசாவா துளையாணியை எடுப்பாள், வைப்பாள். நானும் பேனாவை எடுப்பேன், வைப்பேன்.

4

இருபதாம் நாள் ஒதாமி வந்தாள்.

"தவளை எந்தப் பக்கம் பாக்கணும்?" என்றாள் ஒசாவா. "ஊரையா, அவரையா?"

ஒதாமி தவளையைக் கையில் வாங்கி அடிவயிற்றைத் தடவினாள். "உங்ககிட்ட அவர் திரும்பி வந்தாராக்கா?"

"ஒவ்வொரு தடவையும் வந்தாரு. பையை அவிழ்த்து வெச்சாரு, சாப்பிட்டாரு, அடுத்த பயணத்துக்கு நாள் பார்த்தாரு."

ஒதாமியின் விரல்கள் மூடிக்கொண்டன.

"துளை வேண்டாம்."

"அப்புறம் எப்படிக் கட்டுவாரு?"

"அவருக்குன்னு யார் சொன்னது?"

"நீதான்டி சொன்னே!"

"அது இருபது நாளைக்கு முந்தி."

அந்த "டி"யை ஒசாவா எப்போது தொடங்கினாள் என்று எனக்கே தெரியாது.

5

ஆற்றுத்துறை. துளையில்லாத தவளையோடு ஒதாமி நிற்கிறாள். கீழே போனால் யஹேயின் கடை. மேலே போனால் அவள் பிறந்த வீடு. அவளை மேலே அனுப்பினேன். வாசலில் அம்மாவின் முகம் சுருங்கியது. கீழே அனுப்பினேன், எனக்குத் தூக்கம் போயிற்று. இரண்டையும் கிழித்தாயிற்று.

"எந்தப் பக்கம் தாயி?" என்கிறார் படகுக்காரர். "தண்ணி ஏறுது, சட்டுனு சொல்லு."

ஒதாமி என்னைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்க்கிறாள். ரொம்ப நேரம் நிற்கவைக்காதீர்கள்.